பழைய தண்டர்பேர்டும் படித்த இயற்பியலும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர் ஒருவர் எழுதியது)

மோட்டார் சைக்கிள்களில் குரூசர் என்றொரு வகை உண்டு. இருக்கை தாழ்ந்தும், கைப்பிடி உயர்ந்து ஓட்டுபவரை நோக்கி வளைந்தும், கால் வைக்கும் இடம் சற்று முன்தள்ளியும் இருக்கும். முதுகை நிமிர்த்தி, களைப்பின்றி நெடுந்தொலைவு செல்வதற்கான அமைப்பு இது. அமெரிக்கச் சாலைகளில் வளர்ந்த இவ்வகை வண்டியைத் தமிழ்நாட்டிலேயே செய்தவர்கள் உண்டு என்பதை நண்பர்கள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் 1955ஆம் ஆண்டில் கூட்டுச் சேர்ந்தன. அதன் பயனாகத் திருவொற்றியூரில் எழுந்த தொழிற்சாலையின் பெயரைக் காத்தது புல்லட். அங்கிருந்தே 1990களில் லைட்னிங் என்னும் குரூசரும், 2002இல் தண்டர்பேர்டும் வெளிவந்தன. தண்டர்பேர்டின் பெயர் பல மாற்றங்களுடன் 2020 வரை நீடித்தது. அவ்வாண்டில் மீட்டியார் 350 அதன் இடத்திற்கு வந்தது. நான் எழுதப்போவது தண்டர்பேர்டின் முதல் தலைமுறையைப் பற்றி. எங்கள் வீட்டில் நிற்பது 2007ஆம் ஆண்டு வண்டி.

வண்டி என் தாய்மாமனுடையது. 2022இல் பதினைந்தாண்டுப் பதிவு முடிந்தபோது அதைப் புதுப்பித்து, பின் விற்க முயன்றார். வந்தவர்கள் எல்லாரும் இரும்பு என்ஜின் புல்லட்டா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் திரும்பிப் போனார்கள். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில், “மாப்ளே, விக்கிற விலைக்கு விக்கிறதவிட நீயே ஓட்டிக்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் வந்த முதல் ஆள் நான் என்பதால் கிடைத்த பரிசு அது. அன்று முதல் விடியலில் அப்பா அறுக்கும் வாழையிலைக் கட்டைக் கடைவீதிக்குக் கொண்டு சேர்த்துவிட்டுக் கல்லூரிக்கு வருவது என் வேலையாயிற்று. ஆகவே இவ்வண்டி எனக்கு அழகுப் பொருள் அன்று. அது நின்றால் இலை வாடும். இலை வாடினால் பருவக் கட்டணம் தள்ளிப் போகும்.

இதை ஏன் எவரும் விரும்பவில்லை? பழைய புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பு. தண்டர்பேர்டின் என்ஜினோ ஆஸ்திரிய நாட்டு ஏ.வி.எல். நிறுவனத்தின் துணையோடு வடிவமைக்கப்பட்டு அலுமினியத்தால் ஆனது. உட்துளை விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்ட நீளம் 90 மில்லிமீட்டர். கணக்கிட்டால் 346 கன சென்டிமீட்டர் வரும். பழைய புல்லட்டின் அளவும் இதுவே. மாறியது உலோகமும் எரிமுறையும்தான். அலுமினியக் கலவை வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். பெட்ரோல் முழுவதும் எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று எடையளவில் வேண்டும். இந்த என்ஜின் அதைவிடக் காற்று மிகுந்த மெலிந்த கலவையில் ஓடும்படி அமைக்கப்பட்டது. எரிபொருள் மிச்சம், புகையும் குறைவு.

ஆனால் ஓசையும் அடக்கமாயிற்று. இங்கேதான் வந்தது வினை. நான்கு வீச்சு ஒற்றைச் சிலிண்டர் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். நிமிடத்திற்கு 900 சுற்றென்றால் நொடிக்கு ஏழரை வெடிப்பு. அவ்வளவு மெதுவான அடிகளைச் செவி தனித்தனியாகவே கேட்கும். புல்லட்டின் புகழ்பெற்ற ‘டப் டப்’ இதுவே. 3,000 சுற்றில் நொடிக்கு 25 வெடிப்பு ஆகிவிடும். அடிகள் ஒன்றாய்க் கலந்து முழக்கமாகக் கேட்கும். ரசிகர்கள் தேடியது மெதுவான, உரத்த அடியை. தண்டர்பேர்டு அதை மென்று விழுங்கியது. சில ஆண்டுகளில் வேறொரு புதிய என்ஜினும் வந்துவிட, இது மூத்தவனுக்கும் இளையவனுக்கும் நடுவில் பிறந்த பிள்ளைபோல் கவனிப்பாரின்றி நின்றது. என் கணிப்பில், ஒரு நல்ல என்ஜினைக் காதால் மட்டும் எடைபோட்டதன் விளைவு இது.

வண்டி கைக்கு வந்ததும் அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. முதலாவது, சைலன்சரைக் கழற்றிவிட்டு வெற்றுக்குழாய் மாட்டு என்பது. 175 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வண்டிக்கு உற்பத்தி நிலையில் 80 டெசிபெல் என்பது மைய அரசின் வரம்பு. வெற்றுக்குழாய் 100 டெசிபெல் எழுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், மடக்கை அளவின்படி ஒலிச்செறிவு கால் பங்கு கூடியதாகாது, நூறு மடங்காகும்! காற்று வடிகட்டியின் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுத் திறந்த வடிகட்டி பொருத்துவோரும் உண்டு. முன்பே மெலிந்த கலவை. அதில் இன்னும் காற்றைச் சேர்த்தால் என்ஜின் சூடேறும், இழுக்கும்போது தட்டும். சேர்க்கும் காற்றுக்கு ஏற்பக் கார்புரேட்டர் ஜெட்டை மாற்றினாலோ இந்த என்ஜினின் சிக்கனமே போய்விடும். அப்படியானால் இதை எதற்கு வைத்திருப்பது?

இரண்டாவது அறிவுரை முன் ஃபோர்க்கை நீளமாக்குவது. 1969இல் வந்த ஈஸி ரைடர் என்ற அமெரிக்கத் திரைப்படத்தில் அத்தகைய வண்டிகள் வரும். அன்றுமுதல் இன்றுவரை இளைஞர் மனத்தில் அந்த உருவம் நிற்கிறது. முசிறியிலிருந்து குளித்தலைப் பாலத்தின்மீது நேராகச் செல்ல அது அழகாகத்தான் இருக்கும். ஆனால் திருப்ப அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால்தான் சக்கரம் தரையில் பதிகிறது. இவ்விடைவெளியே வண்டியை நேராக ஓடச் செய்கிறது. மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சிறு சக்கரம், தள்ளும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்வதும் இதே தத்துவம். ஃபோர்க்கை நீட்டினால் அச்சு மேலும் சாயும், இடைவெளி கூடும். வேகத்தில் நிலையாக இருந்தாலும், மெதுவாகத் திருப்பும்போது சக்கரம் ஒரு பக்கம் விழப் பார்க்கும். இலைக்கட்டோடு கடைவீதியில் திரும்புகிறவனுக்கு ஆகாது. இதற்காகச் சட்டத்தை அறுத்துப் பற்றவைத்தால் பற்றின் ஓரத்தில் உலோகத்தின் தன்மையும் மாறிவிடும்.

சட்டம் என்றதும் மற்றொரு சட்டமும் நினைவுக்கு வருகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 சனவரியில் இதை வலியுறுத்தியது. நான் டாங்கிற்குப் பழைய கறுப்பையே மீண்டும் அடித்தது இதனால்தான். வேறு நிறமென்றால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். பின்னிருக்கைக்காரர் பிடிக்கும் கைப்பிடி, கால்தாங்கி, சேலை காப்பு ஆகியவற்றை அழகைக் கெடுப்பவை என்று கழற்றி எறிகிறார்கள். மூன்றும் விதிப்படி இருந்தே தீரவேண்டியவை. விதி இல்லாவிட்டாலும் என் வண்டியில் இருக்கும். அம்மா ஒரு பக்கமாக அமர்ந்துதானே வருகிறார்!

அப்படியானால் நான் என்னதான் மாற்றினேன்? இரண்டே செய்தேன். முதலாவது பல்சக்கரம். ஒற்றைச் சிலிண்டர் என்ஜினின் அதிர்வை முற்றும் ஒழிக்க முடியாது. அவ்விசை சுழல்வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதமானது. முன் பல்சக்கரத்தில் 16 பல்லுக்குப் பதில் 17 பல் என்று கொண்டால், அதே சாலை வேகத்திற்குச் சுற்று நூற்றுக்கு ஆறு குறையும். அதிர்வு விசையோ நூற்றுக்குப் பதினொன்று குறையும். இழுவையும் நூற்றுக்கு ஆறு குறையும் என்பது உண்மையே. ஆனால் குணசீலம் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் சாலை காவிரிக்கு இணையாக ஏறக்குறைய சமதளத்தில் ஓடுகிறது. மலையேறுபவர்கள் இம்மாற்றம் செய்யவேண்டாம்.

இரண்டாவது, கட்டு ஏற்றும் இடம். பின் அச்சுக்கு அப்பால் நீளும் கேரியர் ஒன்றைப் பட்டறைக்காரர் முதலில் காட்டினார். “தம்பி, எல்லாரும் இதத்தான் போடுறாங்க” என்றார். நான் அளந்தபோது இரு அச்சுகளுக்கும் இடைத்தொலைவு 137 செ.மீ. 30 கிலோ கட்டு பின் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் அமர்ந்தால், திருப்புத்திறன் கணக்குப்படி முன் சக்கரத்திலிருந்து ஆறரைக் கிலோ எடை தூக்கப்படும். பின் சக்கரத்தில் முப்பத்தாறரைக் கிலோ ஏறும். கரையோர மணலில் முன் சக்கரம் எடையிழந்தால் திருப்பம் கைக்கு அடங்காது. தாளில் படம் வரைந்து காட்டினேன். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “அப்ப கட்ட முன்னால கொண்டாரணும், அவ்வளவுதானே?” என்றார். மெத்தை தைப்பவரிடம் கொடுத்து இருக்கையை இரண்டாக்கினோம். பின்பாதியைக் கழற்றி அங்கே பலகை வைத்தால் கட்டு அச்சுக்கு 10 செ.மீ. முன்னால் அமர்கிறது. முன் சக்கரத்திற்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் எடை கூடுகிறது. புதிய பற்றவைப்பு ஏதுமில்லை. இருந்த துளைகளிலேயே நான்கு போல்ட்டுகள். இறக்கியதும் இருக்கை திரும்ப ஏறும், அம்மாவும் ஏறுவார்.

வண்டியின் பதிவு 2027இல் மீண்டும் முடிகிறது. என் பட்டப்படிப்பு முடிவதும் அவ்வாண்டே. 2025ஆம் ஆண்டின் விதித்திருத்தப்படி இருபது ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ரூபாய். வாரம் ஒரு கட்டு இலையின் பணத்தில் பத்து ரூபாய் தனியே வைக்கிறார் அம்மா. பிரேக் கட்டை, சங்கிலி, பின் டயர் ஆகியவற்றையும் ஆய்வுக்கு முன் மாற்ற வேண்டும். சங்கிலியை இந்தப் பருவத் தேர்வு முடிந்ததும் மாற்றுகிறேன். பலகையின் அளவு வேண்டும் நண்பர்கள் இயற்பியல் துறைக்கு வந்தால் படத்தைப் பிரதி எடுத்துக்கொள்ளலாம்.