சுவரின் பின்பக்கம்

வள்ளூர்,
மீஞ்சூர் அருகில்.

அன்புள்ள வாசகருக்கு,

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தொழிற்கூடத் தளம் போட்டபோது, கலவையில் மூட்டை மூட்டையாக எஃகு இழை கொட்டியதைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தீர்கள். 'இந்தக் கான்கிரீட் குண்டையே தாங்குமாமே?' என்றும் கேட்டிருந்தீர்கள். பாதி உண்மை. எந்தப் பாதி என்பது முக்கியம்.

குண்டு மோதினால் முகப்பில் பள்ளம் விழும். நம் கண்ணும் அங்கேதான் போகும். அதற்குள் அழுத்த அலை ஒன்று சுவருக்குள் ஓடி, பின்பக்கத்தில் பட்டு, இழுவிசையாகத் திரும்பிவிடும். நசுக்கினால் தாங்கும் வலுவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இழுத்தால் கான்கிரீட்டுக்கு இருக்கிறது. அதனால் குண்டு துளைக்காமல் நின்றாலும் பின்பக்கம் பெயர்ந்து தெறிக்கும். சுவரை நம்பி ஒதுங்கி நின்றவர் அந்தச் சில்லில் சாகலாம்.

இழை கைகொடுப்பது இங்கேதான். முனை வளைந்த, 30 முதல் 60 மில்லிமீட்டர் நீளக் கம்பித் துண்டுகள் விரிசலின் இரு கரையையும் பிடித்துக்கொள்ளும். பிடி நழுவி உருவிக்கொண்டு வரும்போது மோதலின் ஆற்றலைத் தின்னும். மண்சுவருக்கு வைக்கோல் போட்டு மிதித்த நம் பாட்டன்மாருக்கு இந்தச் சூட்சுமம் தெரியும். ஆனால் குண்டு இறங்கும் ஆழத்தை இழை பெரிதாகக் குறைக்காது. அதற்குக் கெட்டி ஜல்லியும் சுவரின் கனமும் வேண்டும்.

இழையின் அளவும் வேறு. தளத்துக்குக் கனமீட்டருக்கு 20 முதல் 40 கிலோ போதும். மோதல் தாங்கும் சுவருக்குக் கன அளவில் ஒரு சதவீதம் என்றாலே 78 கிலோ ஆகிவிடும்.

குண்டு என்றதும் எம்டன் நினைவுக்கு வரும்: 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு வீசி, சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரும் அடிபட்டது. ஆனால் இன்று நம் பக்கத்துக்குக் குண்டு வரப் போர்க்கப்பல் வர வேண்டியதில்லை. எங்கள் வள்ளூரில் 1500 மெகாவாட் அனல் மின் நிலையம், உங்கள் பக்கம் உலைகள், அழுத்தக் கலன்கள். ஒன்று வெடித்தாலும் இரும்புத் துண்டு குண்டாகவே பறக்கும். கட்டுப்பாட்டு அறைச் சுவரின் பின்னால் இரவு முழுக்க ஆள் உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சுவருக்கு இழை போடச் சொல்லி நான் கெஞ்சாத கூட்டம் இல்லை.

அப்படியொரு வேலை உங்கள் கைக்கு வந்தால் மிக்சர் வாயருகே நில்லுங்கள். இழை பந்து பந்தாக உருண்டு வந்தால் அந்தக் கலவையைக் கொட்ட விடாதீர்கள். பந்து விழாத இடமெல்லாம் வெறும் கான்கிரீட்தான்.

அன்புடன்,
வள்ளூரிலிருந்து ஒரு பொறியாளர்