50,000 அடி பிலிம் தேடிய டிப்ளமோக்காரர்



"டிப்ளமோதானா?" என்று சொந்தக்காரர்கள் இழுக்கும்போதெல்லாம் எனக்கு ஏ.கே. செட்டியார் ஞாபகம் வருவார். 1911-ல் கோட்டையூரில் பிறந்தவர். டோக்கியோவில் போட்டோகிராபி படித்துவிட்டு, நியூயார்க்கில் அதிலேயே டிப்ளமோ வாங்கியவர். 1937 அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும்போது, காந்தியைப் பற்றி ஒரு முழுநீள டாக்குமெண்டரி எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அப்போது 26 வயசுகூட நிரம்பவில்லை.

நாமாக இருந்தால் காமிராவைத் தூக்கிக்கொண்டு நேரே சேவாகிராமத்துக்கு ஓடியிருப்போம். ஆனால் காந்திக்கு அப்போதே 68 வயது. தண்டி யாத்திரை, லண்டன் வட்டமேஜை மாநாடு எல்லாம் நடந்து முடிந்தவை. இன்னொரு தடவை நடந்து காட்டுங்கள் என்று கேட்க முடியுமா? அந்தந்த சமயத்தில் யாரோ எடுத்து, எங்கேயோ டப்பாவில் கிடக்கும் பிலிம்தான் கதி. அதைத் தேடி ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா என்று அலைந்தார். சேர்ந்தது சுமார் 50,000 அடி.

அது எவ்வளவு என்று நம் கணக்கில் பார்ப்போம். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம். பேசும்படம் செகண்டுக்கு 24 பிரேம் ஓடும். நிமிஷத்துக்கு 90 அடி. அப்படியானால் 50,000 அடி என்பது ஒன்பது மணி நேரத்துக்கு மேல்! அதை வெட்டி ஒட்டி 12,000 அடிக்குக் கொண்டு வந்தார். அதாவது சுமார் இரண்டே கால் மணி. இன்னொரு சிக்கல்: மௌனப்பட காலத்து பிலிம் பெரும்பாலும் இதைவிடக் குறைந்த வேகத்தில் எடுத்தது. அதை 24-ல் ஓட்டினால் நடப்பவர் ஓடுவார். பழைய படங்களில் காந்தி அவ்வளவு வேகமாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். (நிஜத்திலும் அவர் வேகமாக நடப்பவர்தான், அது வேறு.)

1940-ல், வெள்ளைக்காரன் ஆட்சியில், யுத்த காலத்தில், படம் தமிழில் வெளிவந்தது. பிறகு தெலுங்கு, இந்தி. 1953-ல் அமெரிக்காவில் சுருக்கமாக ஓர் ஆங்கில வடிவம். அப்புறம் நடந்ததுதான் மனசைப் பிசைகிறது. உலகமெல்லாம் தேடிச் சேர்த்தவரின் முழுத் தமிழ்ப்படமே பிற்காலத்தில் கிடைக்காமல் போயிற்று. அந்த ஆங்கிலச் சுருக்கத்தின் பிரதி ஒன்று சான் பிரான்சிஸ்கோவில் அகப்பட்டது.

தப்பித்தது அவர் எழுத்து. 1943-ல் ஆரம்பித்த 'குமரி மலர்' பத்திரிகையைப் பல காலம் நடத்தியவர், படம் எடுத்த கதையையும் கட்டுரைகளாக எழுதி வைத்தார். 1983-ல் அவர் காலமான பிறகு அவை 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற புத்தகமாக வந்தன. சின்னச் சின்ன வாக்கியம். தன்னைப் பற்றிப் பீற்றல் கிடையாது.

போன செமஸ்டரில் எங்கள் பேட்ச் ஒரு பவர் ஹாக்ஸா செய்தோம். வைவா முடிந்ததும் கழற்றிப் போட்டுவிட்டோம். டிராயிங் எங்கே என்றால் ஆளுக்கொரு பதில். அந்தப் புத்தகத்தை முடித்த ராத்திரி, நான்கு பேரையும் ஹாஸ்டல் வராந்தாவில் உட்கார வைத்து, ஞாபகமிருந்ததை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். புல்லியின் விட்டம் எவ்வளவு என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.