ஒரு சதுரக் காகிதமும் பத்துத் தமிழ்ச் சொற்களும்

"நவராத்திரி வருகிறது. பிறந்தநாள், வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று நம் வீடுகளில் விசேஷங்களுக்கும் குறைவில்லை. கையால் செய்து கொடுக்கும்படியாக ஏதாவது எழுதுங்களேன்" என்று ஆசிரியர் குழுவில் உள்ள நண்பர் ஒருவர் கேட்டார். நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சிவில் டிப்ளமோ படித்தவன். கைவேலை என்றால் என் மனைவியைத்தான் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் ஒரே ஒரு பொருளை எனக்குச் சுத்தமாகச் செய்யத் தெரியும். பசையும் ஊசியும் இல்லாமல், ஒரு சதுரத் தாளை மடித்தே செய்யும் மூடிபோட்ட பெட்டி. பத்துப் பொருள்களைப் பற்றி அரைகுறையாக எழுதுவதைவிட இந்த ஒன்றை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

இதை நான் கற்றுக்கொண்ட காரணம் பெட்டி அல்ல, என் பேத்தி.

அவளுக்கு எட்டு வயது. அப்பா அம்மா இருவரும் தமிழர்கள்தான். பள்ளியில் ஆங்கிலம், விளையாடும் இடத்தில் கன்னடமும் இந்தியும். வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். இது நம் வாசகர்கள் பலருக்கும் புதிய கதையில்லை. திருப்பத்தூர் பக்கத்தில் கிராமத்தில் இருக்கும் என் தாயாருக்கு எண்பத்தெட்டு வயது. தமிழைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் இருவரும் பேசுவார்கள். "என்னா கண்ணு, சாப்டியா?" "சாப்ட்டேன்." "இஸ்கூலுக்குப் போனியா?" "போனேன்." அவ்வளவுதான். அதற்குமேல் பெரிய பாட்டிக்கும் கேட்கத் தெரியவில்லை, இவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. தொலைபேசி என் கைக்கு வந்துவிடும்.

நான் முதலில் எழுத்துப் பலகை வாங்கி வந்து அ, ஆ என்று ஆரம்பித்தேன். நான்கு நாள் உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் தலைவலி என்றாள். மகள் என்னைத் தனியே அழைத்து, "விடுங்கப்பா, பள்ளிக்கூடத்துப் பாடமே அவளுக்கு நிறைய இருக்கு" என்றாள். எனக்கு வருத்தம்தான். வாதாடவில்லை.

அவளுடைய பிறந்தநாள் வந்தது. அலங்காரத்துக்கு தெர்மோகோல் எழுத்துகள் வாங்கலாம் என்று கடைக்குப் போனோம். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட பொருள்களில், அலங்கார தெர்மோகோலும் பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சியும் உண்டு. கடைக்காரர் கையை விரித்தார். "வேறு என்ன செய்யலாம் தாத்தா?" என்று அவள் கேட்டபோதுதான் எனக்குப் பழைய புத்தகம் ஒன்று ஞாபகம் வந்தது.

பல வருஷங்களுக்கு முன்பு அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடையில் வாங்கியது அது. சென்னை மாகாணத்தில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்த டி. சுந்தர ராவ் என்பவர், காகித மடிப்பின் மூலமாகவே ஜியோமிதி கற்பிக்கலாம் என்று ஆங்கிலத்தில் எழுதிய நூல். 1893-ல் சென்னையில் அச்சானது. ஜெர்மனியின் பெரிய கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் இதைக் குறிப்பிட்டார். அதைப் பார்த்துத் தேடிப் பிடித்து அமெரிக்கர்கள் 1901-ல் சிகாகோவில் மறுபதிப்புப் போட்டார்கள். சுந்தர ராவுக்கு இந்த எண்ணத்தைக் கொடுத்தது, ஜெர்மானியர் ஃப்ரோபெல் குழந்தைகளுக்காக ஏற்படுத்திய கிண்டர்கார்ட்டன் முறையில் இருந்த வண்ணக் காகித மடிப்பு விளையாட்டு. குழந்தை விளையாட்டிலிருந்து ஒரு மதராஸ் உத்தியோகஸ்தர் கணித நூல் எழுதினார். நான் அந்த நூலிலிருந்து திரும்பக் குழந்தை விளையாட்டுக்கு வந்தேன்.

நான் சொல்லும் பெட்டி அந்த நூலில் உள்ளதல்ல. இது ஜப்பானியர்களின் பழைய மடிப்பு. அங்கே இதற்கு 'மசு' என்று பெயர். மசு என்பது அரிசி அளக்கும் சதுர மரப்பெட்டி. நம் படி, ஆழாக்கு மாதிரி. இதைக் கடைசியில் மறுபடி சொல்கிறேன்.

முதலில் தாள். பழைய மாதக் காலண்டர் தாள் மிக நன்று. வழவழப்பும் விறைப்பும் சரியாக இருக்கும். நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடும் பிரவுன் பேப்பரும் ஆகும். பரிசுப் பொருள் சுற்றும் பளபளத் தாள் மெலிசு, நிற்காது. சார்ட் அட்டை மடிப்பில் வெடித்துவிடும். செய்தித்தாள் மை கையிலும் பலகாரத்திலும் ஒட்டும், வேண்டாம்.

அடுத்தது சதுரம். இங்கேதான் நான் அவமானப்பட்டேன். பிறந்தநாளுக்கு முப்பது பெட்டி என்று கணக்கு. ஸ்கேல் வைத்து, பென்சிலால் கோடு போட்டு, முப்பது காலண்டர் தாளை ஒரே இரவில் வெட்டி அடுக்கினேன். காலையில் மடித்தால் ஒன்றும் சேரவில்லை. நடுவில் கூட வேண்டிய நான்கு முனைகளும் ஒன்றையொன்று தாண்டி நின்றன. காலண்டரின் அச்சிட்ட ஓரம் நேராக இருக்கும் என்று நம்பியதால் வந்த வினை. 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையில் சில மில்லிமீட்டர் பிசகினால் கீழே வேலை பார்ப்பவர்களைக் கேள்வி கேட்ட மனிதன் நான்! பேத்தி சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டது.

ஸ்கேலை நம்பாதீர்கள், மடிப்பை நம்புங்கள். ஓரம் கோணலாக இருந்தால் அதை ஒட்டி ஒரு மடிப்பு மடியுங்கள். அந்த மடிப்பு நேர்க்கோடு. அந்தக் கோடு தன்மேலேயே படியும்படி இன்னொரு மடிப்பு மடித்தால் இரண்டுக்கும் நடுவே சரியான செங்கோணம் கிடைக்கும். சுந்தர ராவ் நூலின் தொடக்கமே இதுபோன்ற விஷயம்தான். செங்கோணம் கிடைத்த பிறகு, ஒரு மூலையிலிருந்து குறுகிய ஓரத்தை நீண்ட ஓரத்தின்மேல் படியவைத்து, மிஞ்சும் பட்டையை வெட்டினால் சதுரம். ஏ4 தாளில் 21 சென்டிமீட்டர் சதுரமும் 8.7 சென்டிமீட்டர் பட்டையும் வரும். பட்டையை எறியாதீர்கள்.

இப்போது மடிப்பு. பேத்தியிடம் நான் வைத்த நிபந்தனை ஒன்றே: "நான் கையால் காட்டமாட்டேன், வாயால்தான் சொல்வேன். நீயும் வாயால் சொல்லிக்கொண்டே செய்யவேண்டும்."

படமுள்ள பக்கம் கீழே இருக்கட்டும். ஓரத்தோடு ஓரம் வைத்து மடி. நகத்தால் நீவு. விரி. தாளைத் திருப்பிப் போடாமல், கால் வட்டம் சுற்றிவைத்து அதேபோல் இன்னொரு முறை. பிறகு மூலையோடு மூலை, இரண்டு முறை. விரித்துப் பார்த்தால் நடுவிலிருந்து எட்டுக் கதிர் தெரியும். நான்கு மூலைகளையும் நடுப்புள்ளிக்குக் கொண்டுவந்து மடி. சிறிய சதுரம் ஆயிற்று. இதைப் பிரிக்காமலேயே மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் நடுவுக்குக் கொண்டுவந்து, நன்றாக நீவிவிட்டு, மறுபடி சிறிய சதுரமாக விரி. இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் அதேபோல்.

இனி எதிர் எதிராக உள்ள இடது, வலது மூலைகளை மட்டும் முழுதாகப் பிரித்துவிடு. மேல், கீழ் மூலைகள் நடுவிலேயே இருக்கட்டும். இரண்டு பக்கமும் கூரான படகு மாதிரி இருக்கும். மேல் பக்கத்தையும் கீழ்ப் பக்கத்தையும் பாதி தூக்கி நிமிர்த்து. இரண்டு சுவர் ஆயிற்று. பிறகு கூரான ஒரு முனையைத் தூக்கு. அந்தப் பக்கத்தில் இரு சுவர்களின் நுனிகளும் ஏற்கெனவே உள்ள குறுக்குக் கோட்டில் தாமாகவே உள்பக்கம் மடங்கும். முரண்டு பிடித்தால் விரலால் லேசாக அழுத்து. மூன்றாவது சுவர் நிற்கும். மிஞ்சிய வால் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கி, அதன் நுனி நடுப்புள்ளியில் வந்து உட்காரும். எதிர்ப் பக்கமும் அப்படியே. நான்கு நுனியும் நடுவில் கூடினால் பெட்டி சரி.

கைப்பிடி வேண்டுமானால் மிஞ்சிய பட்டையை மூன்றாக மடித்து, அதன் இரு நுனிகளையும் எதிரெதிர் வால்களின் அடியில் செருகு. இதற்கு மட்டும் ஒரு சொட்டுப் பசை தேவைப்படலாம்.

மூடியும் இதே மடிப்புத்தான். மூடிக்கு எடுத்த சதுரத்தைவிட அடிப்பெட்டிக்கு 5 மில்லிமீட்டர் சிறிய சதுரம் எடுங்கள். ஒவ்வொரு பக்கமும் 1 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி கிடைக்கும். இறுக்கமும் இருக்காது, தொளதொளப்பும் இருக்காது.

என்ன அளவுத் தாள் எடுப்பது என்று கேட்பீர்கள். சதுரத்தின் பக்கத்தை 2.8-ஆல் வகுத்தால் பெட்டியின் அகலம். அதில் பாதி உயரம். 20 சென்டிமீட்டர் தாளில் 7 அகலம், மூன்றரை உயரம்: குங்குமம், மஞ்சள், கல்கண்டு வைத்துத் தாம்பூலத்தோடு கொடுக்கச் சரி. நடுத்தர லட்டு ஒன்று வைக்க 28 சென்டிமீட்டர் வேண்டும். எண்ணெய்ப் பலகாரம் என்றால் உள்ளே வாழையிலைத் துண்டு வையுங்கள். சுண்டல் வைக்காதீர்கள், ஈரம் பட்டால் அரை மணியில் அடி கழன்றுவிடும். பட்டு அனுபவித்தாயிற்று. விசேஷம் இல்லாத நாளில் என் மனைவி இதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கறிவேப்பிலையும் முருங்கைச் சக்கையும் போட்டு, அப்படியே குப்பையில் சேர்க்கிறாள். என் கலைப்பொருளுக்கு அவ்வளவுதான் மரியாதை!

பிறந்தநாளுக்கு முப்பது பெட்டியும் ஆயின. இருபத்திரண்டு அவள் மடித்தவை. நடுவில் ஒரு வேடிக்கை. மடி என்றால் உடனே புரிந்தது, கன்னடத்தில் 'மடிசு'. மூலை அங்கே 'மூலெ', நடு நடுவேதான். ஓரம் மட்டும் வரவில்லை. அவள் 'அஞ்ச்சு, அஞ்ச்சு' என்றாள். என் காதில் ஐந்து என்று விழுந்தது. "காகிதத்துக்கு நாலு ஓரம்தானே கண்ணு, அஞ்சாவது எங்கே?" என்றேன். கன்னடத்தில் ஓரத்துக்கு அஞ்ச்சு என்று பெயராம். முப்பத்தாறு வருஷம் கன்னட ஊழியர்களோடு வேலை பார்த்த எனக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அன்று முதல் அவளுக்கு ஓரம் மறக்கவில்லை, எனக்கு அஞ்ச்சு மறக்கவில்லை.

பத்துச் சொற்களைக் காலண்டர் பின்புறம் எழுதிவைத்தாள், ஆங்கில எழுத்தில்தான்: மடி, விரி, நீவு, திருப்பு, ஓரம், மூலை, நடு, எதிர், நிமிர்த்து, செருகு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் வழக்கமான சாப்டியா, போனியா முடிந்தது. போனை என்னிடம் நீட்டப் போனவள் திரும்ப இழுத்து, "பெரிய பாட்டி, பேப்பர் இருக்கா?" என்றாள். அங்கே என் தம்பி மகன் பழைய காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்தான். "ஓரத்தோட ஓரம் மடி. நீவு. இல்ல, இல்ல, விரி. மூலை எங்க?" என்று இவள் இங்கிருந்து அதட்ட, என் தாயார் அங்கே, "இரு கண்ணு, கையி நடுங்குது" என்று சொல்லிக்கொண்டே மடித்தார். இருபத்தைந்து நிமிஷம் ஆனது. பெட்டி முழுதாக வரவில்லை; இரண்டு சுவர்தான் நின்றது. நான் போனைக் கேட்கவேயில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பேத்தி தானே மடித்த பெட்டி ஒன்றைப் பாட்டி கையில் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆழாக்கு ஆட்டம் இருக்குதே" என்றார். நான் சும்மா இருப்பேனா? அது 20 சென்டிமீட்டர் தாள். கணக்குப் போட்டால் கொள்ளளவு ஏறக்குறைய 177 மில்லிலிட்டர். நம் ஆழாக்கு 168. ஜப்பானியர் மசுவால் அளக்கும் 'கோ' என்ற அளவு 180. மூன்றும் ஒரு கைப்பிடிக்குள் அடங்குகின்றன! சரியான ஆழாக்கு வேண்டுமானால் 19.7 சென்டிமீட்டர் சதுரம் எடுங்கள்.

"அப்போ ஒரு படி செஞ்சு குடு" என்றார் என் தாயார் பேத்தியிடம். அவள் என்னைப் பார்த்தாள். எட்டு ஆழாக்கு ஒரு படி. தாளின் பக்கத்தை இரண்டு மடங்காக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகும். ஆகவே 39.4 சென்டிமீட்டர் சதுரம். பிரவுன் பேப்பரில் வெட்டிக் கொடுத்தேன், மடித்தாள், பாட்டி அரிசியைக் கொட்டினார். முக்கால் படி வரை நின்றது. அதற்குமேல் சுவர் வெளியே தள்ளி, அரிசி தாழ்வாரம் முழுக்கச் சிதறியது. இரட்டைத் தாள் வைத்து மறுபடி மடித்துப் பார்க்க வேண்டும்.