விதவையின் எண்ணெயும் வங்கி அட்டையும்

வேத பாடப் பகுதி: 2 இராஜாக்கள் 4:1-7



சென்ற மாத உபவாச ஜெபத்தில் பெட்டியில் போடப்பட்ட ஜெபக் குறிப்புகளைப் பிரித்து வாசித்தபோது, பாதிக்குமேல் கடன் பாரத்தைக் குறித்தே இருந்தன. அவற்றில் சிலவற்றில் "கார்டு கடன்" என்றே எழுதியிருந்தது. பாஸ்டர் ஐயா என்னைப் பார்த்து, "இந்த மாசப் பாடத்தை நீங்களே எழுதுங்க. அதுக்குள்ள போயிட்டு வந்தவர் நீங்கதானே" என்றார். எனக்கு வெட்கமாய்த்தான் இருந்தது. ஆனாலும் ஒரு குடும்பமாவது தப்பித்துக்கொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

எலிசாவிடம் ஓடிவந்த அந்த விதவையை நாம் அறிவோம். அவளுடைய புருஷன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன், கர்த்தருக்குப் பயந்து நடந்தவன். அப்படிப்பட்டவனும் கடன் வைத்துவிட்டுத்தான் மரித்தான். ஆகையால் பக்தியுள்ளவன் வீட்டுக்குள் கடன் வராது என்று நாம் ஒருவரும் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நின்றான். கடன்பட்டவன் கொடுத்தவனுக்கு வேலைக்காரனாகிறான் என்று சாலொமோன் சொல்லுகிறது (நீதி. 22:7) அங்கே வாசற்படி வரைக்கும் வந்துவிட்டது.

எலிசா அவளிடத்தில் கேட்டது, வீட்டில் என்ன இருக்கிறது என்பதே. ஒரு குடம் எண்ணெய் இருந்தது. அயல்வீட்டாரிடம் அவள் இரவல் வாங்கினது வெறும் பாத்திரம் மாத்திரம். எண்ணெயை இரவல் வாங்கவில்லை. இதை நான் எத்தனையோ தரம் வாசித்தும் கவனித்ததில்லை. எண்ணெயைப் பெருகப்பண்ணினவர் கர்த்தர். ஆனால் அதைச் சுமந்துகொண்டுபோய் விற்கவேண்டியது அவள். விற்ற பணத்தில் முதலாவது கடன், மீதியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. இந்த ஒழுங்கைத்தான் நான் தலைகீழாய் மாற்றிப்போட்டேன்.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நான் கணக்கு எழுதுகிறேன். 2018-ல் ஒரு வங்கியின் ஆள் பட்டறைக்கே வந்து, "ஆயுசுக்கும் கட்டணம் இல்லைங்க சார்" என்று சொல்லி கிரெடிட் கார்டு எழுதிக்கொண்டு போனார். 40,000 ரூபாய் வரம்பு. அந்தத் தொகையைப் பார்த்ததும் என் சம்பளமே ஏறிவிட்டதுபோல் ஒரு சந்தோஷம். முதலில் மிக்ஸி, பிறகு மகனுக்கு செல்போன், தீபாவளித் தள்ளுபடியில் பிரிட்ஜ். அடுத்த வருஷம் கன்வென்ஷன் பந்தலுக்கு 10,000 ரூபாய் கொடுப்பதாய்ப் பொருத்தனை பண்ணினேன். கையில் பணம் இல்லை. விசுவாசத்தோடே கொடுத்தால் கர்த்தர் தருவார் என்று சொல்லிக்கொண்டு, அந்தக் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் ரொக்கம் எடுத்தேன். அதை விசுவாசம் என்று எண்ணினேன். அது வங்கியின் பணத்தைக் காணிக்கையாய் வைத்ததுதான் என்று விளங்க எனக்கு 14 மாதம் ஆயிற்று.

இதன் கணக்கைச் சொல்லுகிறேன், பொறுமையாய் வாசியுங்கள். நம்ம பக்கம் "மூணு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். அதைக் கேட்டாலே "ஐயோ, வேண்டாமுங்க" என்போம். பல கிரெடிட் கார்டுகளில் பாக்கி வைத்தால் மாதம் 3½ சதவீதம் வரைக்கும் போடுகிறார்கள். வருஷத்துக்கு 42 சதவீதம். அந்த வட்டிக்குமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. நான் தண்டல்காரர் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று பெருமையாய்ச் சொல்லுகிறவன். என் சட்டைப்பையில் மூன்றரை வட்டி இருந்தது.

20,000 ரூபாய்க்கு பில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் குறைந்தபட்சத் தொகை என்று ஏறக்குறைய 1,000 ரூபாய் போட்டிருக்கும். அதைக் கட்டிவிட்டு, இனி 19,000 தான் என்று நிம்மதியாய் இருப்போம். அந்த 19,000-க்கு ஒரு மாத வட்டி 665 ரூபாய், வரி சுமார் 120. அடுத்த பில்லில் 19,785 வந்து நிற்கும். ஆயிரத்தில் 215 ரூபாய்தான் கடனைத் தொட்டது. உண்மையில் அதுகூடத் தொடாது. பாக்கி வைத்துவிட்டால் பொருள் வாங்கின தேதியிலிருந்தே வட்டியைக் கணக்கிடுவார்கள். அதோடு நிற்பதில்லை. பாக்கி இருக்கும் வரைக்கும், புதிதாய் வாங்குகிறதற்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. இன்றைக்கு வாங்கின உப்புக்கு இன்றையிலிருந்தே வட்டி. ரொக்கமாய் எடுத்த பணத்துக்கோ ஆரம்பத்திலிருந்தே அந்தச் சலுகை இல்லை, எடுத்த கட்டணம் வேறே.

குறைந்தபட்சம் மாத்திரம் கட்டினால் கடன் வருஷக்கணக்காய் இழுக்கும் என்று பில்லிலேயே எச்சரிக்கை போடவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதி. சட்டம் காப்பாற்றும் என்றும் இருந்துவிடாதீர்கள். கார்டு பாக்கிக்கு 30 சதவீதத்துக்குமேல் வட்டி கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதை, 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

நம் சபையில் கரும்பும் வாழையும் வெற்றிலையும் போடுகிற விவசாயிகள் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. 1998-ல் வந்த கிசான் கிரெடிட் கார்டும் இதுவும் ஒன்று என்று சிலர் நினைக்கிறார்கள். பெயர்தான் ஒன்று. விவசாயக் கார்டில் 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு வருஷத்துக்கு 7 சதவீதம், தவணையில் கட்டினால் மானியம்போக 4 சதவீதம். அதற்குக் கட்டவேண்டிய நாளை விட்டுவிடாதிருங்கள். வெட்டின கரும்புக்குப் பணம் வரத் தாமதிக்கிறது என்று இந்தக் கடைக் கார்டைத் தேய்த்து உரம் வாங்குகிறவர், நாலு சதவீதத்தை விட்டு நாற்பத்திரண்டுக்குள் நுழைகிறார்.

நான் வெளியே வந்த விதம் இது. பில்களையெல்லாம் வேதாகம உறைக்குள் மடித்து வைத்திருந்தேன், வீட்டில் தெரியக்கூடாதென்று. ஒரு ஞாயிறு காலை என் மனைவி உறையைத் துவைக்கக் கழற்றினபோது எல்லாம் கீழே விழுந்தன. 20,000-க்குமேல் கட்டியிருந்தேன், இடையிடையே மளிகைக்கும் தேய்த்துவந்ததால் இன்னும் 31,000 நின்றது. அவள் சத்தம் போடவில்லை. "ஏனுங்க, கட்டுத்தறியில கிடாரி நிக்குதுங்களே" என்றாள். மகளுக்குப் பால் வேண்டும் என்று அவளே வளர்த்த கிடாரி. அதுதான் எங்கள் வீட்டு எண்ணெய்க் குடம். அது 24,000-க்குப் போயிற்று. மீதியை அந்த மாதச் சம்பளத்தில் கட்டினோம். ரசமும் அப்பளமுமாய் அந்த மாதத்தை ஓட்டினாள். அன்றைக்கு அவள் முகத்தை நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

கார்டை நான் வெட்டிப்போடவில்லை. சிலர் வெட்டுவார்கள், தன்னை அறிந்தவன் வெட்டுவது நல்லதே. பாக்கியில்லாமல் தீர்த்துவிட்டு எழுதிக்கொடுத்தால், வங்கி 7 வேலை நாட்களுக்குள் கணக்கை முடிக்கவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தரவேண்டும். முறையிட்டும் கேட்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு எண் 14448.

நான் செய்வது இவ்வளவே. வரம்பை 10,000-க்குக் குறைக்கச் சொல்லிவிட்டேன். கார்டில் எதை வாங்கினாலும் அன்று மாலையே அந்தத் தொகையை டப்பாவில் எடுத்து வைக்கிறேன். டப்பாவில் வைக்கப் பணமில்லாவிட்டால் வாங்குவதில்லை. கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து கணக்குப் பார்க்கச் சொன்னாரே நம் ஆண்டவர் (லூக்கா 14:28), அது டப்பாவுக்கும் பொருந்தும். கடைசித் தேதிக்கு ஐந்து நாள் முன்னதாக முழுத்தொகையும் கட்டிவிடுகிறேன். கார்டில் ரொக்கம் எடுப்பது அறவே இல்லை. 2022 முதல் சில கார்டுகளைச் செல்போனோடு இணைத்துப் பெட்டிக்கடையிலும் செலுத்தலாம் என்று வந்திருக்கிறது. டீயும் வடையும் கடனில் போவது கண்ணுக்கே தெரியாது என்பதால் நான் இணைக்கவில்லை. காணிக்கை கையிலிருக்கிறதிலிருந்து மாத்திரம். ஐயாயிரம் பேரைப் போஷித்த கர்த்தர் மீந்த துணிக்கைகளைப் பன்னிரண்டு கூடையில் சேர்க்கச் சொன்னார்; இப்போது எங்கள் வீட்டில் மீந்த சோறு காலையில் பழையதாகிறது, பிள்ளைகள் முனகினாலும்.

வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்தபின் சபையின் பின்னறையில் நானும் என் மனைவியும் உட்கார்ந்திருப்போம். கார்டு பாக்கி உள்ளவர்கள் பில்லோடு வாருங்கள். புருஷனும் மனைவியும் சேர்ந்தே வாருங்கள். பேப்பரும் பென்சிலும் நாங்கள் கொண்டுவருகிறோம். முதலில் ஜெபிப்போம், பிறகு உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்போம்.