அருவியும் இளவேனிலும்

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டிலிருந்து பாட்டி, அம்மா, பேத்தி மூவரும் காரில் புறப்பட்டனர். மூன்று வாரங்களாக மழை இல்லை. சாலையோரப் புல் காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. காஞ்சிங் அருவியில் குளித்தாலாவது உடல் சூடு தணியும் என்று அம்மா எண்ணினார்.

பேத்தி இரண்டாம் படிவ மாணவி. ஜப்பானைப் பற்றிய காணொலி ஒன்றை முந்தைய இரவு அவள் பார்த்திருந்தாள். பனிக்காலம் முடியும் தறுவாயில், செர்ரி மரங்களின் முதல் மொட்டுக்காக அந்நாட்டு மக்கள் காத்திருப்பதை அது காட்டியது.

“நமக்குத்தான் பனியும் இல்லை, வசந்தமும் இல்லை. எப்போது பார்த்தாலும் வெயிலும் மழையும்தான்,” என்று அவள் அலுத்துக்கொண்டாள்.

“அப்படியா சொல்கிறாய், கண்ணு?” என்று பாட்டி சிரித்தார். வேறெதுவும் சொல்லவில்லை.

கார் செலாயாங்கைக் கடந்து ரவாங் செல்லும் சாலையில் ஓடியது. 1952 முதல் 1954 வரை மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையராக இருந்த ஜெரால்டு டெம்பிளரின் பெயரைத் தாங்கிய வனப்பூங்கா அந்தச் சாலையில்தான் உள்ளது. புக்கிட் தாக்குன் என்னும் சுண்ணாம்புக்கல் குன்று தொலைவில் தெரிந்தது. தேநீர் குடிப்பதற்காக அம்மா ஓர் ஒட்டுக்கடையின் முன் காரை நிறுத்தினார்.

கடையின் பின்புறம் நான்கைந்து கிழட்டுப் பால்மரங்கள் நின்றன. அவற்றின் கிளைகள் ஏறக்குறைய வெறுமையாக இருந்தன. தரையெங்கும் மஞ்சளும் சிவப்புமாகச் சருகுகள். பாட்டி அங்கே போய் நின்றார். சருகுகள் அவர் காலடியில் நொறுங்கின.

“இந்த மரங்கள் பட்டுப்போய்விட்டனவா, பாட்டி?” என்று பேத்தி கேட்டாள்.

“இல்லை. இலையுதிர்த்து நிற்கின்றன. இதுதான் நம் ஊர்ப் பனிக்காலம்.”

பாட்டி கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய தாயார் அங்கே பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தார். தென்னமெரிக்காவைச் சேர்ந்த ரப்பர் மரம் 1877-இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டது. பிறகு மலாயாவில் பரவி, பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆண்டின் தொடக்கத்தில் வரும் வறண்ட மாதங்களில் அம்மரம் இலைகளை உதிர்க்கும். புதிய தளிர்கள் தோன்றும்போது, சேமித்துவைத்த உணவை அவற்றுக்கே செலவிடும். அதனால் பால் குறைந்துவிடும்.

“அப்போது மங்கில் பாதிப் பால்கூட நிறையாது,” என்றார் பாட்டி. “பால் குறைந்தால் வருமானமும் குறையும். அம்மா கடையில் கடன் சொல்லித்தான் அரிசி வாங்குவார். வீட்டில் ஒரு வேளை மரவள்ளிக் கிழங்காகிவிடும். தினமும் விடியற்காலையில் வெட்டுக்குப் போகும் முன் அவர் அண்ணாந்து கிளைகளைப் பார்ப்பார். செம்பு நிறத்தில் முதல் தளிர் தெரிந்த அன்று வீட்டுக்கு வந்து, ‘மரம் துளிர்த்துவிட்டது’ என்று சொல்வார். அந்தச் சொல்லைக் கேட்டால் எங்களுக்குத் தீபாவளி வந்தது போல இருக்கும்.”

பேத்தி மரக்கிளைகளை அண்ணாந்து பார்த்தாள். அவற்றில் தளிர் எதுவும் தென்படவில்லை.

காஞ்சிங் அருவி ஏழு அடுக்குகளாகப் பாறைகளின் மீது இறங்கி வருவது. கற்படிகளில் ஏறிய மூவரையும் குரங்குகள் மரக்கிளைகளிலிருந்து வேடிக்கை பார்த்தன. பேத்தி பேரிரைச்சலை எதிர்பார்த்திருந்தாள். ஆனால், நீர் மெல்லிய வெள்ளைத் துணிபோலப் பாறையில் வழிந்துகொண்டிருந்தது. வழக்கமாக இடுப்பளவு நீர் நிற்கும் குட்டையில் முழங்காலளவே இருந்தது.

“அருவியும் இலையுதிர்த்து நிற்கிறது போலும்!” என்றாள் அவள்.

“சரியாகச் சொன்னாய்,” என்றார் அம்மா. அவர் அறிவியல் ஆசிரியர். நீரில் கால்களை நனைத்தபடி காரணத்தை விளக்கினார். “நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. அது கிழக்குக் கரையில்தான் பெருமழை கொட்டும். நடுவில் தித்திவங்சா மலைத்தொடர் தடுப்பதாலும், பருவத்தின் இறுதியில் காற்று வறண்டுவிடுவதாலும் நம் பக்கம் மழை குறைகிறது. 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இப்படித்தான் அணைகளின் நீர்மட்டம் இறங்கி, சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். வாளி வாளியாக நீர் பிடித்துவைத்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.”

“மழை எப்போது வரும், அம்மா?”

“ஏப்ரல் வாக்கில் காற்றின் திசை மாறும். அந்த இடைக்காலத்தில் காலை வெயிலில் சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து, மாலையில் இடியுடன் மழையாகப் பொழியும்.”

“அதாவது சித்திரையில்,” என்றார் பாட்டி. “நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தார்கள். மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். அந்தப் பெயர்கள் தமிழ்நாட்டுக்காக வைத்தவை. ஆனால், இங்கும் காத்திருப்பு ஒன்றுதான். ஜப்பானில் பூவுக்குக் காத்திருக்கிறார்கள். என் அம்மா தளிருக்குக் காத்திருந்தார். இந்த அருவி மழைக்குக் காத்திருக்கிறது.”

நண்பகல் கடந்தது. மலையுச்சியின் பக்கம் வானம் கறுத்தது. எங்கோ இடி உறுமியது. பேத்தி துள்ளி எழுந்தாள்.

“மழை வருகிறது, பாட்டி! நனைந்துகொண்டே பார்ப்போம்!”

பாட்டி அவள் கையைப் பற்றினார். “உடனே கரையேறு. மழைக்காக ஏங்கலாம், ஆற்றில் நின்றுகொண்டு அதை வரவேற்கக் கூடாது.”

மலைமேல் பெய்யும் மழை, கீழே வெயில் அடிக்கும்போதே திடீர் வெள்ளமாகப் பாய்ந்து வரக்கூடும். மலாய்மொழியில் இதைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பர். நீர் சட்டென்று கலங்குவதும், இலைகளும் குச்சிகளும் அடித்துவரப்படுவதும், இரைச்சல் கூடுவதும் அதன் அறிகுறிகள். அவற்றைக் கண்டபின் ஓட நேரம் இருக்காது. இடியோசை கேட்டதுமே நீரைவிட்டு விலகுவதே பாதுகாப்பு. அம்மா அருகில் குளித்துக்கொண்டிருந்த பிள்ளைகளையும் அழைத்து மேலேறச் சொன்னார்.

அன்று சில துளிகள்தாம் விழுந்தன. மேகம் கலைந்துவிட்டது. வெள்ளம் வரவில்லை. “வீணாக வெளியேறிவிட்டோமே!” என்று பேத்தி முணுமுணுத்தாள். “வராத வெள்ளத்துக்குப் பயந்தவர் யாரும் கெட்டுப்போனதில்லை, கண்ணு,” என்றார் பாட்டி.

ஆறு வாரங்கள் கழிந்தன. பள்ளி விட்டு வந்த பேத்தி, சாலையோரத் தெக்கோமா மரங்களைக் கண்டு நின்றுவிட்டாள். வறட்சிக்குப் பின் பூக்கும் அம்மரங்கள் இலைகள் தெரியாதபடி இளஞ்சிவப்புப் பூக்களைச் சுமந்து நின்றன. நடைபாதை முழுவதும் பூவிரிப்பு. அன்று மாலையே இடி முழங்கியது. பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் மழைநீர் ஓடியது.

அவள் நனைந்தபடி வீட்டுக்குள் ஓடிவந்தாள்.

“பாட்டி, மரம் துளிர்த்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வருவோமா? அந்த ஒட்டுக்கடைக்குப் பின்னால்?”

பாட்டி சற்று நேரம் அவளையே பார்த்தார். பிறகு துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டிவிட்டார்.

“ஞாயிற்றுக்கிழமை போகலாம்,” என்றார்.