வாடிய தக்காளிக்குத் தாகமா, நோயா?



சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் ஜொகூர்ப் பாலம் கடந்து சிங்கப்பூர் சென்று, நம் பெரியம்மாவின் அடுக்குமாடி இல்லத்தில் இரு வாரம் தங்கியிருந்தோம். தேக்கா சந்தையில் தக்காளி வாங்கச் சென்றால், "எதற்கு வாங்குகிறீர்கள்? கீழே நம் தோட்டத்திலேயே காய்க்கிறதே!" என்று பெருமையுடன் தடுப்பார் பெரியம்மா. குடியிருப்பினர் கூடிப் பேணும் அத்தோட்டத்தில், ஒளிபுகும் கூரையும் வலைச் சுவரும் கொண்ட சிறு பசுமைக்குடில் ஒன்று உண்டு. அதனுள் இருபது தக்காளிச் செடிகள் மண்பாத்தியில் வரிசையாக நின்றன.

ஒரு நண்பகலில் மூன்று செடிகள் தலை கவிழ்ந்திருந்தன. மாலையில் நிமிர்ந்தன, மறுநாள் மீண்டும் கவிழ்ந்தன. வெயிலின் கொடுமை என எண்ணி, நாமும் பெரியம்மாவும் நாளுக்கு மும்முறை நீர் ஊற்றினோம். ஐந்தாம் நாள் அம்மூன்றும் மாண்டன. பத்தாம் நாள், நீர் வழிந்தோடிய பக்கத்தில் மேலும் ஐந்து செடிகள் வாடின. அன்போடு ஊற்றிய நீரே பகைக்குப் பாதை அமைத்தது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். அந்த அனுபவமே இப்பாடம்.

நோயின் காரணம்

இதன் பெயர் பாக்டீரியா வாடல் நோய். ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்னும் நுண்ணுயிர் இதனை உண்டாக்குகிறது. அமெரிக்க அறிஞர் எர்வின் ஸ்மித் 1896ஆம் ஆண்டில் இக்கிருமியை விவரித்தார். இன்றைய பெயர் 1995ஆம் ஆண்டில் இடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நம் முன்னோர் பலர் உழைத்த சுமத்திராவின் டெலிப் புகையிலைத் தோட்டங்களையும் இந்நோய் பெரிதும் வருத்தியது.

கிருமி மண்ணில் வாழ்வது. வேரிலுள்ள சிறு காயங்களின் வழியே நுழைந்து, நீரை மேலேற்றும் நுண்குழாய்களை அடைகிறது. அங்கே பெருகிப் பசை போன்ற பொருளைச் சுரந்து குழாய்களை அடைத்துவிடுகிறது. குழாய் அடைபட்டபின் வேரடியில் எவ்வளவு நீர் ஊற்றினும் இலைக்குப் போய்ச் சேராது.

சூடும் ஈரமும் இக்கிருமிக்கு உகந்தவை. சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 30 பாகை செல்சியசைக் கடக்கிறது. ஆண்டு முழுவதும் மழையும் உண்டு. பசுமைக்குடிலின் கூரை மழையைத் தடுக்கும். மண்ணுள் இருக்கும் பகையைத் தடுக்காது.

அடையாளங்கள்

1. நுனியிலுள்ள இளம் இலைகள் பகலில் முதலில் தொங்கும், இரவில் தேறும்.
2. இலைகள் மஞ்சளாகாமல், பச்சையாக இருக்கும்போதே வாடும்.
3. சில நாட்களில் செடி முழுவதும் சாயும்.
4. அடித்தண்டை நீளவாக்கில் பிளந்தால், உள்ளே பழுப்பு நிறம் காணப்படும்.

கண்ணாடிக் குவளைச் சோதனை

கத்தியைப் பெரியவர்களே கையாளுதல் வேண்டும். வாடிய செடியின் அடித்தண்டில் விரல் நீளத் துண்டை வெட்டுக. கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரை நிரப்பி, துண்டின் வெட்டுமுனை நீரில் சற்றே அமிழுமாறு, அசையாமல் கட்டித் தொங்கவிடுக. பாக்டீரியா வாடலாயின், சில நிமிடங்களில் வெண்புகை இழைபோல் ஒன்று முனையிலிருந்து கீழிறங்கும். அவ்விழையில் இருப்பவை எண்ணற்ற கிருமிகள்.

பெரியம்மாவின் சமையலறை மேசைமீது இச்சோதனையைச் செய்தோம். இழை இறங்கக் கண்டதும் அவர் நீர்க்குடுவையைக் கீழே வைத்துவிட்டார்.

பிற வாடல்கள்

நீர்க்குறைவால் வாடிய செடி நீர் ஊற்றியபின் தேறும். மண்ணும் தொட்டால் உலர்ந்திருக்கும். பியூசேரியம் என்னும் பூஞ்சணத்தால் வரும் வாடலில் கீழிலைகள் முதலில் மஞ்சளாகும். பலவேளை ஒரு பக்கமே வாடும். குவளையில் வெண்ணிழை தோன்றாது. நூற்புழு தாக்கிய வேரில் முடிச்சுகள் இருக்கும். நூற்புழு இட்ட காயத்தின் வழியே பாக்டீரியாவும் புகலாம். ஆதலால் வேரையும் ஆராய்தல் நன்று.

செய்யத்தக்கன

இந்நோய் கண்ட செடியைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. அதனை வேரோடும் வேரைச் சூழ்ந்த மண்ணோடும் எடுத்து, உறையிலிட்டுக் கட்டி அகற்றுக, எருக்குழியில் இடற்க. கத்தி, மண்வெட்டி, காலணி ஆகியவற்றைக் கழுவி, கிருமிநாசினியால் துடைக்க. அந்தப் பாத்தியின் நீர் அடுத்த பாத்திக்கு ஓடாமல் தடுக்க.

கிருமி மண்ணில் பல ஆண்டுகள் தங்கவல்லது. கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, இஞ்சி ஆகியவற்றையும் தாக்கும். எனவே அதே மண்ணில் அவற்றை நடாமல் மக்காச்சோளம் போன்றவற்றைப் பயிரிடலாம். தக்காளியே வேண்டுமெனில், புதிய தூய மண்ணிட்ட தொட்டியில் வளர்க்கலாம். அல்லது நோயைத் தாங்கும் கத்தரி இனத்தின் வேர்ச்செடிமீது தக்காளியை ஒட்டுக்கட்டலாம். தைவானிலுள்ள உலகக் காய்கறி மையம் இம்முறையை வெப்ப நாட்டு உழவருக்குப் பரிந்துரைத்துள்ளது. இக்கிருமி மனிதரைத் தாக்குவதில்லை. ஆதலால் அஞ்ச வேண்டா.

விடைபெறும் நாளில் பெரியம்மா பத்து நாற்றுகளைக் கட்டி வைத்திருந்தார்; பின்பு தாமே அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "உங்கள் தோட்டத்துக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் இந்த நோய் போக வேண்டாம், தம்பி" என்றார். அனுமதியின்றி நாற்றும் மண்ணும் எல்லை கடத்தல் சட்டத்திற்கும் மாறானது. வெறுங்கையோடு வந்தோம், ஆயினும் நம் வீட்டுப் பாத்திகள் பிழைத்தன.

நோயை அறிந்து, அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே தீர்வை நாட வேண்டும் என்பது வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் காட்டிய நெறி. செடிக்கும் அந்நெறி பொருந்தும். இனி வாடிய செடியைக் கண்டால், முதலில் மண்ணைத் தொட்டுப் பார்ப்போம். ஈரமிருந்தும் செடி வாடினால் குவளையைத் தேடுவோம்.

பயிற்சி வினாக்கள்

1. ஈர மண்ணில் நிற்கும் செடியும் வாடுவது ஏன்?
2. பாக்டீரியா வாடலுக்கும் பியூசேரியம் வாடலுக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
3. உங்கள் வீட்டுப் பாத்தியில் இந்நோய் தாக்கக்கூடிய செடிகள் எவை? பெற்றோருடன் சேர்ந்து பட்டியலிடுக.