லென்சைத் தாங்கும் வளையம்

ராஜஸ்தான் மாநிலத்தில் பரத்பூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கேவலாதேவ் தேசியப் பூங்கா உள்ளது. குளிர்காலத்தில் தொலைதூர நாடுகளிலிருந்து பறவைகள் வந்து இங்கே தங்கும். 1985-ஆம் ஆண்டில் இந்தப் பூங்கா உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது.

பூங்காவுக்குள் ரிக்‌ஷாவில் போகலாம். ரிக்‌ஷா ஓட்டுபவரே பறவையைக் காட்டுவார். அதன் பெயரையும் சொல்வார். படம் எடுப்பவர் பெரிய லென்சைக் கொண்டு வருவார். இறங்கியதும், "அண்ணா, லென்சைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள்" என்பார்.

விவரம் தெரிந்தவர் உடனே தூக்க மாட்டார். "பொறுங்கள் ஐயா, குமிழ் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கிறேன்" என்பார்.

ஏன்? அந்த லென்சின் விலை பல லட்சம் ரூபாய். கீழே விழுந்தால், கடைசியாகத் தொட்டவர் மேல்தான் பழி வரும்.

வளையம் எதற்கு?

பெரிய 600 மில்லிமீட்டர் லென்சுகள் பல 3 முதல் 5 கிலோ எடை இருக்கும். நிறைகுடத்தைக் கை நீட்டிப் பிடித்தால் கை கடுக்கும். இடுப்பில் வைத்தால் பாரம் தெரியாது. லென்சும் அப்படித்தான். கேமராவை மட்டும் ஸ்டாண்டில் மாட்டினால், முன்பாரம் கேமராவின் வாயை இழுக்கும். அந்த இடம் கெட்டுவிடும்.

அதனால் லென்சைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது. இதைக் காலர் என்பார்கள். வளையத்தின் அடியில் பாதம் இருக்கும். பாதத்தைத்தான் ஸ்டாண்டில் பொருத்த வேண்டும். பக்கத்தில் ஒரு குமிழ் உண்டு. அதைத் தளர்த்தினால் லென்ஸ் உருளும். படத்தைக் குறுக்காகவும் எடுக்கலாம், நெடுக்காகவும் எடுக்கலாம்.

தினமும் பார்க்க வேண்டியவை

1. குமிழ் இறுக்கமாக இருக்கிறதா? சில வளையங்கள் திறந்து கழற்றக் கூடியவை. குமிழ் தளர்ந்தால் வளையம் திறந்து, லென்ஸ் நழுவிவிடும்.

2. பாதம் ஆடுகிறதா? வண்டி குலுங்கினால் பாதத்தின் திருகுகள் தளரும்.

3. வளையம் சுற்றும்போது நறநறக்கிறதா? உள்ளே மண் புகுந்திருக்கிறது என்று பொருள்.

சுத்தம் செய்யும் முறை

முதலில் லென்சை மெத்தென்ற துணியில் படுக்க வையுங்கள். கழற்றக் கூடிய வளையம் என்றால் மட்டும் கழற்றுங்கள். காற்றுப் பந்தால் தூசியை ஊதுங்கள். பிறகு மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கடைசியாக உலர்ந்த துணியால் துடையுங்கள். மண் இருக்கும்போதே துடைத்தால் கீறல் விழும்.

எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயில் மண் ஒட்டும். லென்சுக்குள் கசிந்தால் செலவு பெரிதாகும்.

பழுது பார்த்தல்

பாதத்தின் திருகு தளர்ந்தால், அதன் தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் இறுக்குங்கள். பொருந்தாத திருப்புளி திருகின் தலையைத் தேய்த்துவிடும். அளவுக்கு மீறி முறுக்காதீர்கள். மரை போய்விடும். திரும்பத் திரும்பத் தளர்ந்தால், மரையில் நீல நிறத் திருகுப் பசை ஒரு சிறு துளி போதும். சிவப்புப் பசை வேண்டாம். பிறகு கழற்றுவது கடினம்.

சில வளையங்களின் உள்ளே மெல்லிய கம்பளித் துணி ஒட்டியிருக்கும். அது தேய்ந்தால் லென்ஸ் ஆடும். பழைய பசையைச் சுரண்டிவிட்டு, அதே கனமுள்ள துணியை ஒட்டுங்கள். கனம் கூடினால் வளையம் மூடாது.

பாதத்தில் மரை தேய்ந்துவிட்டால் புதிய பாதம் வாங்கி மாட்டலாம். பெரிய லென்சுகள் பலவற்றில் வளையத்தைக் கழற்ற முடியாது. அதில் கோளாறு என்றால் நீங்கள் பிரிக்காதீர்கள். லென்ஸ் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

நினைவில் வையுங்கள்

குமிழைத் தளர்த்தும் முன் ஒரு கையால் லென்சைப் பிடியுங்கள். தூக்கும் முன் தொட்டுப் பாருங்கள்.

பயிற்சி

1. வளையம் நறநறத்தால் என்ன காரணம்?

2. வளையத்துக்கு எண்ணெய் விடக் கூடாது. ஏன்?

3. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்: திருகுக்கு __________ நிறப் பசை ஒரு துளி போதும்.

4. நீங்கள் கையாளும் கருவி ஒன்றில் தினமும் பார்க்க வேண்டிய மூன்று இடங்களை எழுதுங்கள்.